வீடு புகுந்து திருடின கேஸ்னா சட்டம் என்னென்ன பார்க்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூட்டு உடைஞ்ச வீட்டு வாசல்ல நிக்கிறவங்களும், "உங்க பையனை திருட்டு கேஸ்ல கூட்டிட்டுப் போயிட்டாங்க"ன்னு போன் வந்து ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறவங்களும் கேக்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒண்ணு தான். அதனால ரெண்டு தரப்புக்கும் சேர்த்தே எழுதுறேன். இது இந்தியாவோட சட்டம். 2024 ஜூலை 1ல இருந்து நடந்த குற்றத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பிஎன்எஸ். அதுக்கு முன்னாடி நடந்திருந்தா பழைய இந்திய தண்டனைச் சட்டம், ஐபிசி தான். கேஸ் என்னைக்குப் போட்டாங்கங்கிறது கணக்கு இல்ல, சம்பவம் என்னைக்கு நடந்ததுங்கிறது தான் கணக்கு.

எஃப்ஐஆர்ல 331(4), 305ன்னு போட்டிருக்கு. அப்படின்னா என்ன?

வீடு புகுந்து திருட்டுன்னு நாம ஒரே வார்த்தையில சொல்றதை சட்டம் படிப்படியா பிரிச்சு வெச்சிருக்கு. 329ல அத்துமீறி நுழையறது, அடுத்து அதுவே வீடா இருந்தா வீட்டுக்குள்ள அத்துமீறல். 330ல ரெண்டு விஷயம் இருக்கு, ஒண்ணு ஒளிஞ்சு மறைஞ்சு நுழையறது, இன்னொண்ணு பூட்டை உடைச்சோ ஜன்னல் வழியாவோ நுழையறது, பழைய ஆளுங்க கன்னக்களவுன்னு சொல்வாங்களே அது. 331 அதுக்கான தண்டனைகள். 331(3)னா பகல்ல, 331(4)னா சூரியன் மறைஞ்சதுக்கு அப்புறம் விடியறதுக்கு முன்னாடி. 305ங்கிறது வேற, அது வீட்டுக்குள்ள இருந்து பொருளைத் திருடினதுக்கு. பழைய கேஸ் கட்டு எதைப் பிரிச்சாலும் "457, 380"ன்னு ஜோடியா இருக்கும், அந்த ஜோடியோட புது நம்பர் தான் 331(4), 305.

அப்போ ஒரே ராத்திரியில நடந்த ஒரே சம்பவத்துக்கு ரெண்டு குற்றச்சாட்டு. ஒண்ணு உள்ள நுழைஞ்சதுக்கு, இன்னொண்ணு எடுத்துட்டுப் போனதுக்கு. ரெண்டையும் தனித்தனியா நிரூபிக்கணும். இந்த "தனித்தனியா"ங்கிறதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, கீழ வர்ற முக்கால்வாசி பதில் இதுல இருந்து தான் வருது.

சரி, 331(4) நிக்கணும்னா அரசுத் தரப்பு என்னவெல்லாம் காட்டணும்?

முதல்ல அது சட்டம் சொல்ற மாதிரி ஒரு "வீடு"ன்னு காட்டணும். அது அந்த நேரத்துல வேற ஒருத்தரோட அனுபவத்துல, கைவசத்துல இருந்ததுன்னு காட்டணும். இந்த ஆள் தான் உள்ள போனான்னு காட்டணும், முழு ஆளும் போகணும்னு இல்ல, ஓட்டை போட்டு கையை மட்டும் உள்ள விட்டாலும் நுழைஞ்சதா தான் சட்டம் எடுத்துக்கும். எப்படிப் போனான்ங்கிறது, அதாவது ஒளிஞ்சா இல்ல உடைச்சா. எந்த நேரத்துலங்கிறது. கடைசியா, என்ன எண்ணத்தோட போனான்ங்கிறது. அந்தக் கடைசி விஷயத்துல தான் நிறைய கேஸ் ஆடிப் போகுது, ஆனா எஃப்ஐஆரைப் படிக்கிறப்ப யாருமே அதைக் கவனிக்கிறதில்ல.

இதுல நேரம் மட்டும் நிரூபணம் ஆகலன்னா கேஸ் மொத்தமா போயிடாது, 331(3)க்கு இறங்கும். உடைச்சதோ ஒளிஞ்சதோ நிரூபணம் ஆகலன்னா இன்னும் இறங்கி 332(சி) இல்ல 329(4)க்கு வரும். எண்ணமே நிரூபணம் ஆகலன்னா அத்துமீறல்ங்கிற அஸ்திவாரமே இல்ல.

உள்ள போனான், ஆனா ஒண்ணுமே எடுக்கலையே, அதுக்கு எப்படி கேஸ்?

எடுக்கலன்னாலும் கேஸ் தான். 331(3), 331(4) ரெண்டுமே "இந்தக் குற்றத்தைச் செய்யறதுக்காக" நுழைஞ்சா போதும்னு தான் சொல்லுது, செஞ்சு முடிக்கணும்னு சொல்லல. பூட்டை உடைச்சு உள்ள போய் பீரோவைத் திறக்கிறதுக்குள்ள பக்கத்து வீட்டு லைட் எரிஞ்சு ஓடிட்டான்னு வைங்க, திருட்டு நடக்கல, அதனால 305 முழுசா நிக்காது, முயற்சின்னு தான் போடலாம். ஆனா 331 குற்றம் அந்த உடைச்ச கதவோட முழுசா நடந்து முடிஞ்சாச்சு.

தலைகீழாவும் நடக்கும். பொருள் போயிருக்கு, ஆனா உள்ள நுழைஞ்சது அத்துமீறலே இல்லன்னா 305 மட்டும் தான். கல்யாணத்துக்குக் கூப்பிட்ட விருந்தாளி ஒருத்தர் மேஜை மேல இருந்த மோதிரத்தை எடுத்துட்டுப் போறார், அது வீட்டுக்குள்ள நடந்த திருட்டு, வீடு புகுந்தது இல்ல.

மனசுக்குள்ள இருந்த எண்ணத்தை கோர்ட்ல எப்படி நிரூபிப்பாங்க?

நேரடியா நிரூபிக்க முடியாது, சூழ்நிலையை வெச்சு தான் ஊகிப்பாங்க. ராத்திரி ரெண்டு மணி, முன்பின் தெரியாத வீடு, கையில கடப்பாரை, பை, கையுறை, பிடிச்சப்ப சொல்றதுக்கு ஒரு விளக்கமும் இல்லன்னா திருட வந்தான்னு ஊகிக்கிறதுல கோர்ட்டுக்குப் பெரிய சிரமம் இல்ல. அதே ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தத் தெருவுலயே குடியிருக்கிற ஒருத்தன் போதையில தன் வீடுன்னு நெனச்சு வேற வீட்டுக் கதவைத் திறந்து உள்ள போய் திண்ணையில படுத்துத் தூங்கிட்டான்னா அங்க திருட்டு எண்ணம் எங்க இருக்கு? குடிச்சிருந்தேன்ங்கிறது தானா ஒரு தப்பிப்பு கிடையாது, ஆனா என்ன நோக்கத்துக்காகப் போனான்னு காட்ட வேண்டிய பொறுப்பு அப்பவும் அரசுத் தரப்பு மேல தான்.

அத்துமீறலுக்கு சட்டம் சொல்ற எண்ணங்கள்ல குற்றம் செய்யறது மட்டும் இல்ல, மிரட்டறது, அவமானப்படுத்தறது, தொந்தரவு பண்றதும் வரும். இதுல 1964ல உச்ச நீதிமன்றம் மாத்ரி வழக்குல ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடுச்சு, நாம போனா அவங்களுக்குத் தொந்தரவா இருக்கும்னு தெரிஞ்சிருந்தா மட்டும் போதாது, தொந்தரவு பண்றதே நோக்கமா இருந்திருக்கணும். கடனைக் கேக்கப் போனவர், சண்டைக்கு நியாயம் கேக்கப் போனவர் மேலல்லாம் வீடு புகுந்த செக்ஷன் போடும்போது இந்தத் தீர்ப்பு ரொம்ப உதவும்.

கதவு திறந்து தான் கிடந்தது. எதையும் உடைக்கல. அப்பவும் கன்னக்களவா?

திறந்து கிடந்த வாசல் வழியா சாதாரணமா நடந்து போனா அது உடைச்சு நுழைஞ்சது ஆகாது. வேற செக்ஷன் வரும், இது வராது.

ஆனா "உடைக்கிறது"ன்னா கடப்பாரையால பேத்தா மட்டும் தான்னு நெனச்சிடாதீங்க, 330(2)ல ஆறு வழி சொல்லியிருக்கு. தானே ஒரு வழி உண்டாக்கி நுழையறது, சுவத்துல துளை போடற மாதிரி. மனுஷன் போக வர்றதுக்குன்னு வைக்காத வழியில போறது, ஜன்னல் அதுல வரும், சுவர் ஏறிக் குதிக்கிறதும் வரும். வீட்டுக்காரர் நினைக்காத முறையில ஒரு வழியைத் திறக்கிறது, கதவு ஓட்டையில கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கறது இதுக்கு சட்டத்துலயே இருக்கிற உதாரணம். பூட்டைத் திறக்கிறது, இங்க தான் பலரும் ஏமாறுவாங்க, ஏன்னா சாவி போட்டுத் திறந்தாலும் அது இதுல சேரும். வீட்டுக்காரர் தொலைச்ச சாவியைக் கண்டெடுத்து அதே சாவியால அதே கதவைத் திறந்து திருடப் போனவன் ஒரு கீறல் கூட போடல, ஆனா சட்டத்தோட பார்வையில அது உடைச்சு நுழைஞ்சது தான், இதுவும் சட்டப் புத்தகத்துலயே இருக்கிற உதாரணம். அப்புறம் வாசல்ல நிக்கிறவரைத் தள்ளிட்டோ மிரட்டியோ போறது, யாரும் வரக்கூடாதுன்னு அடைச்சு வெச்ச வழின்னு தெரிஞ்சே அதைத் திறக்கிறது.

நுழையறப்ப மட்டும் இல்ல, வெளிய வர்றப்பவும் இது பொருந்தும். திறந்த வாசல்ல நுழைஞ்சு, திருடிட்டு, ஆள் வந்ததும் பின்பக்க ஜன்னலை உடைச்சு ஓடினா அதுவும் 330(2) தான்.

ஒளிஞ்சு நுழையறதுன்னு இன்னொண்ணு சொன்னீங்களே?

330(1). வீட்டுக்காரர் கண்ணுல படாம இருக்கிறதுக்காக ஏதாவது முன்னேற்பாடு பண்ணியிருக்கணும். இருட்டுல போனதாலயே ஒளிஞ்சு போனதா ஆகிடாது. கட்டிலுக்கு அடியில பதுங்கி, வீட்டுல எல்லாரும் தூங்கற வரைக்கும் காத்திருந்தான்னா அது சரியா பொருந்தும்.

கடை, குடோன், கோயில், கார் இதெல்லாம் "வீடு" கணக்குல வருமா?

மனுஷங்க தங்கற கட்டடம், கூடாரம், படகு வரும். வழிபாட்டு இடமா இருக்கிற கட்டடம் வரும். பொருளைப் பத்திரமா வைக்கிற கட்டடமும் வரும், அதனால கடையும் குடோனும் உள்ள தான். ராத்திரி ஷட்டரைத் தூக்கி செல்போன் கடையில திருடினா 331(4) போடுறது சரி தான், அங்க யாரும் குடியிருக்கணும்னு அவசியம் இல்ல.

கார் வராது, அது கட்டடம் இல்ல. கண்ணாடியை உடைச்சு லேப்டாப்பை எடுத்தா வீடு புகுந்தது ஆகாது. ஆனா பிஎன்எஸ்ல 305ஐ விரிச்சு எழுதியிருக்காங்க, வண்டிக்குள்ள இருந்து பொருளைத் திருடறது, வழிபாட்டு இடத்துல இருக்கிற சிலையைத் திருடறது, அரசாங்கச் சொத்தைத் திருடறது எல்லாம் இப்ப 305க்குள்ள வந்து ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை. வேலி போட்ட காலி மனைக்குள்ள போறது வெறும் அத்துமீறல், 329(3), மூணு மாசம் வரைக்கும் தான். கட்டி முடிக்காத வீட்டுல சிமெண்ட் மூட்டை அடுக்கிப் பூட்டி வெச்சிருந்தா பொருள் வைக்கிற கட்டடம்னு வாதாட இடம் இருக்கு.

வீட்டு வேலைக்கு வர்ற அம்மா மேல 331 போட்டிருக்காங்க. சரியா?

அவங்க வேலை நேரத்துல, நீங்க விட்டு, உள்ள வந்திருக்காங்கன்னா நுழைஞ்சதுல அத்துமீறல் இல்ல. வேலையாள் முதலாளியோட பொருளைத் திருடறதுக்குன்னே 306 இருக்கு, அதுவும் ஏழு வருஷம் வரைக்கும். பூட்டின பெட்டியை நேர்மையில்லாம உடைச்சா 334. வேலையை விட்டு நின்ன ஆறு மாசத்துக்கு அப்புறம் பழைய சாவியோட வந்து கதவைத் திறந்தாங்கன்னா அப்போ கதை மாறும், 331 வரும்.

இதுல ஒண்ணு அழுத்திச் சொல்லணும். நகை காணோம்னதும் முதல் சந்தேகம் வேலைக்கு வர்றவங்க மேல போறது எவ்வளவு சாதாரணமா நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா சந்தேகம் ஆதாரம் கிடையாது. புகார்ல "சந்தேகப்படுறேன்"னா சந்தேகப்படுறேன்னு எழுதுங்க, பார்க்காததைப் பார்த்ததா எழுதாதீங்க. பின்னாடி குறுக்கு விசாரணையில அந்த ஒரு வரியே கேஸைச் சாய்ச்சுடும், நடுவுல ஒரு நிரபராதி ஜெயிலுக்கும் போயிருப்பாங்க.

என் சொந்த வீடு. வாடகை தரல, காலி பண்ணல, பூட்டை உடைச்சு உள்ள போனேன். என் மேலயே கேஸா?

ஆமாங்க, வரலாம். சட்டம் பத்திரம் யார் பேர்ல இருக்குன்னு பார்க்கறதில்ல, அனுபவத்துல யார் இருக்காங்கன்னு பார்க்குது. வாடகைக்காரர் சாமானோட அங்க குடியிருக்கிற வரைக்கும் அது அவர் கைவசம். அவரை மிரட்டியோ தொந்தரவு பண்ணியோ வெளியேத்தறதுக்காக பூட்டை உடைச்சு சாமானைத் தெருவுல போட்டா வீடு புகுந்த குற்றச்சாட்டு உங்க மேல நிக்கலாம். காலி பண்ண வைக்கிறதுக்கு கோர்ட் இருக்கு, அது மெதுவா தான் போகும், எனக்கும் அந்த வேகம் பிடிக்கல, ஆனா வழி அது தான்.

அண்ணன் தம்பி பாகப்பிரிவினைத் தகராறுலயும் இதே தான். கூட்டுச் சொத்துல எனக்கும் உரிமை இருக்குன்னு உண்மையாவே நம்பி ஒருத்தர் தன் பொருளை எடுத்தா நேர்மையற்ற எண்ணம் இல்லன்னு வாதாடலாம், ஆனா அந்த நம்பிக்கை நிஜமா இருக்கணும், கேஸுக்காக உருவாக்கினதா இருக்கக்கூடாது. சொந்தப் பொருளைக் கூட திருட முடியும்னு தெரியுமா? அடகு வெச்ச கைக்கடிகாரத்தை பணம் கட்டாம அடகு பிடிச்சவர் கையில இருந்து நைசா எடுத்துட்டு வந்தா அது திருட்டு, ஏன்னா அது அவரோட சட்டப்படியான கைவசத்துல இருந்தது.

என் தம்பி வெளிய பைக்ல தான் உக்காந்திருந்தான், உள்ளயே போகல. அவனுக்கும் அதே செக்ஷனா?

எல்லாரும் பேசி வெச்சுட்டு வந்து, இவன் ஆள் வருதான்னு பார்க்க நின்னிருந்தா 3(5)படி உள்ள போனவனுக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு இவனுக்கும். ஆனா "ஃபிரெண்டைப் பார்த்துட்டு வந்துடுறேன், நில்லுடா"ன்னு சொன்னதை நம்பி நின்னவனுக்கு அந்தப் பொது எண்ணம் இல்ல. போன் பேச்சு, மெசேஜ், பங்கு வாங்கினானா, ஓடினானா, இதையெல்லாம் வெச்சு தான் கோர்ட் முடிவு பண்ணும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. ராத்திரி வீடு புகுந்தப்ப கூட்டாளிகள்ல ஒருத்தன் வீட்டுக்காரரைக் கொன்னுட்டான் இல்ல கொடுங்காயம் பண்ணிட்டான்னா, 331(8)படி அந்தப் புகுதல்ல கூட்டா ஈடுபட்ட எல்லாருக்கும் ஆயுள் வரைக்கும் போகும். கத்தியை எடுத்தது நான் இல்லன்னு சொல்லி இந்தச் செக்ஷன்ல இருந்து வெளிய வர்றது கஷ்டம். திருட்டோட அடி உதையோ பயமுறுத்தலோ சேர்ந்தா வழிப்பறி, கொள்ளைன்னு 309க்குப் போகும், அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ சேர்ந்தா 310, கூட்டுக்கொள்ளை.

திருட்டுப் போன செயின் இவன்கிட்ட இருந்து எடுத்தாங்க. அப்போ இவன் தான் வீடு புகுந்தான்னு ஆயிடுச்சா?

ஆகல, உடனே ஆகல. புது சாட்சியச் சட்டம் 119ல ஒரு ஊகம் இருக்கு. திருட்டு நடந்த கொஞ்ச நாள்லயே திருட்டுப் பொருளை வெச்சிருக்கிறவன், எப்படி வந்ததுன்னு விளக்கம் சொல்ல முடியலன்னா, ஒண்ணு அவனே திருடன், இல்ல திருட்டுப் பொருள்னு தெரிஞ்சே வாங்கினவன்னு கோர்ட் எடுத்துக்கலாம். எடுத்துக்கணும்னு இல்ல, எடுத்துக்கலாம். அந்த "ஒண்ணு திருடன், இல்ல வாங்கினவன்"ங்கிற இடத்துல தான் 331க்கும் 317க்கும் வித்தியாசம், திருட்டுப் பொருளை வாங்கினா 317(2), மூணு வருஷம் வரைக்கும். எத்தனை நாள் கழிச்சு கிடைச்சது, சுலபமா கை மாறக்கூடிய பொருளா, இதெல்லாம் பார்க்கணும். செல்போன் ரெண்டே நாள்ல நாலு கை மாறும், வீட்டுப் பத்திரமோ பேர் பொறிச்ச வெள்ளிக் குத்துவிளக்கோ அப்படி மாறாது. பழைய போன் வாங்கறப்ப பில்லோட வாங்குங்க, விக்கிறவரோட அடையாள அட்டை காப்பி வாங்கி வைங்க.

ஸ்டேஷன்ல ஒப்புக்கிட்டு கையெழுத்தும் போட்டுட்டான். கேஸ் முடிஞ்சுதா?

போலீஸ்கிட்ட குடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்ல செல்லாது, சாட்சியச் சட்டம் 23 அதைத் தான் சொல்லுது. அதுல ஒரே ஒரு விதிவிலக்கு, பழைய சட்டத்துல 27ன்னு எல்லாருக்கும் தெரிஞ்சது. அவன் சொன்ன தகவலால ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டா, அந்தக் கண்டுபிடிப்போட நேரா சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். "நான் அந்த வீட்டை உடைச்சு திருடின நகையைக் கிணத்துமேட்டுல புதைச்சிருக்கேன்"னு சொல்லி நகை கிடைச்சா, புதைச்சு வெச்சிருக்கிற இடம் அவனுக்குத் தெரியும்ங்கிறது வரைக்கும் தான் உள்ள வரும், உடைச்சு திருடினேன்ங்கிறது வராது. பிரிட்டிஷ் காலத்துல உச்ச மேல்முறையீட்டு மன்றமா இருந்த பிரிவி கவுன்சில் புலுக்குரி கோட்டையா வழக்குல சொன்ன இந்த வரம்பை இன்னைக்கு வரைக்கும் கோர்ட்டுகள் பின்பற்றுது.

அதனால ரெக்கவரி மகஜர், அதாவது பொருளைக் கைப்பற்றினப்ப சாட்சிகளை வெச்சு எழுதற பதிவு, ரொம்ப முக்கியம். சாட்சிகள் யாரு, அந்த இடத்துக்கு நிஜமா போனாங்களா, இல்ல ஸ்டேஷன்லயே கையெழுத்து வாங்கினாங்களா, எத்தனை மணிக்கு எழுதினாங்க, இதெல்லாம் கேக்கணும். இப்ப பிஎன்எஸ்எஸ், அதாவது பழைய சிஆர்பிசிக்குப் பதிலா வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், 105படி சோதனை, கைப்பற்றல் எல்லாத்தையும் வீடியோ எடுத்தாகணும், அந்த வீடியோ எங்கன்னு வக்கீலைக் கேக்கச் சொல்லுங்க. வெத்துப் பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க, உங்க பிள்ளைங்களுக்கும் சொல்லி வைங்க. தனக்கு எதிரா சாட்சி சொல்லச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு அரசியல் சட்டம் 20(3)லயே இருக்கு.

கைரேகையும் சிசிடிவியும் இருக்கு. இதுக்கு மேல என்ன?

கைரேகை எங்க இருந்ததுங்கிறது தான் விஷயம். பீரோவோட உள் அறையில முன்பின் தெரியாத ஒருத்தனோட ரேகைன்னா பலமான ஆதாரம். போன வாரம் தண்ணி கேன் போட வந்தவரோட ரேகை வாசக் கதவுல இருந்தா அது ஒண்ணையும் காட்டல. சிசிடிவில முகம் தெரியுதா, இல்ல நடை உடையை வெச்சு சொல்றாங்களான்னு பாருங்க, அதோட மின்னணுப் பதிவுக்கு சாட்சியச் சட்டம் 63(4) சர்டிபிகேட் சேர்த்திருக்காங்களான்னும் பாருங்க, இல்லன்னா அந்தப் பதிவை ஏத்துக்கிறதுலயே சிக்கல் வரும். பாதிக்கப்பட்டவங்களும் இதைக் கவனிங்க, பக்கத்துக் கடை கேமரால சில நாள்ல பழைய பதிவு அழிஞ்சு போயிடும், போலீஸ் வர்ற வரைக்கும் அழிச்சிடாதீங்கன்னு அன்னைக்கே சொல்லிடுங்க.

ஜாமீன் கிடைக்குமா?

305, 331 ரெண்டுமே ஜாமீன்ல விட முடியாத குற்றங்கள். அப்படின்னா கிடைக்கவே கிடைக்காதுன்னு அர்த்தம் இல்ல, ஸ்டேஷன்ல உரிமையா கேக்க முடியாது, கோர்ட் தான் குடுக்கணும். கைது பண்ணி 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும், பயண நேரம் போக. ஏழு வருஷம் வரைக்குமான குற்றம்னா முதல்ல நோட்டீஸ் குடுத்து விசாரிக்கிறது தான் முறை, கைது பண்ணா காரணம் எழுதணும். 305 அந்த ஏழு வருஷத்துக்குள்ள வரும், 331(4) அதைத் தாண்டும், அதனால தான் 305 மட்டுமா இல்ல கூட 331(4)ம் சேர்த்திருக்கா, அதுக்கு எஃப்ஐஆர்ல ஏதாவது அடிப்படை இருக்கான்னு முதல் நாளே பார்க்கணும். பகல்ல நடந்ததுன்னு புகார்லயே இருக்கும், செக்ஷன் ராத்திரிக்கு உள்ளதா இருக்கும்னா அது ஜாமீன் மனுவுல முதல் பாயின்ட்.

60 நாள், பெரிய தண்டனை உள்ள செக்ஷனா இருந்தா 90 நாள், அதுக்குள்ள குற்றப்பத்திரிகை போடலன்னா ஜாமீன் உரிமையாவே வந்துடும். ஆனா மனு போட்டா தான் வரும், குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகறதுக்கு முன்னாடியே போடணும்.

14 வருஷம்னு போட்டிருக்கே, நிஜமாவே அவ்வளவு குடுப்பாங்களா?

அது உச்ச வரம்பு. திருட்டுக்காக பகல்ல உடைச்சு நுழைஞ்சா 10 வருஷம் வரைக்கும், ராத்திரின்னா 14 வருஷம் வரைக்கும். ஆனா இந்தக் கேஸை விசாரிக்கிறது முதல் வகுப்பு மாஜிஸ்திரேட், அவரால மூணு வருஷத்துக்கு மேல சிறை குடுக்க முடியாது. அது பத்தாதுன்னு நெனச்சா தலைமைக் குற்றவியல் நடுவருக்கு அனுப்பலாம், அவருக்கு ஏழு வருஷம் வரைக்கும் அதிகாரம். 331க்கும் 305க்கும் தனித்தனி தண்டனை குடுத்தா "ஏக காலத்தில்" அனுபவிக்கணும்னு தீர்ப்புல இருக்கான்னு பாருங்க, ரெண்டும் சேர்ந்து ஓடணுமா, ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா ஓடணுமான்னு கோர்ட் தான் சொல்லணும். ரிமாண்ட்ல இருந்த நாளெல்லாம் கழியும்.

ஏற்கனவே இதே மாதிரி மூணு வருஷத்துக்குக் குறையாத தண்டனை உள்ள சொத்துக் குற்றத்துல தண்டனை ஆனவனா இருந்தா 13வது பிரிவு வந்து உச்ச வரம்பையே கூட்டிடும். அதுக்கு நேரெதிரா முதல் தடவை மாட்டின சின்ன வயசுப் பையனுக்கு 1958ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டம் இருக்கு. 21 வயசுக்கு கீழன்னா சிறைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி நன்னடத்தையில விட முடியுமான்னு கோர்ட் யோசிச்சாகணும், சிறை தான்னா காரணத்தை எழுதணும். பல குடும்பங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாம தீர்ப்பு வந்துடுது, தயவுசெய்து வக்கீல்கிட்ட கேளுங்க. 18க்கு கீழன்னா இளைஞர் நீதிக் குழுமம், லாக்கப்லயோ ஜெயில்லயோ வைக்கவே கூடாது. பிறப்புச் சான்றிதழோ பத்தாவது மார்க் ஷீட்டோ அன்னைக்கே கையில எடுத்துட்டுப் போங்க.

நாங்க பாதிக்கப்பட்டவங்க. முதல்ல என்ன பண்ணணும்?

உள்ள போய் எதையும் தொடாதீங்க, துடைக்காதீங்க. வீடு கலைஞ்சு கிடக்கறதைப் பார்த்தா கை பரபரன்னு தான் இருக்கும், ஆனா அந்தப் பீரோ கைப்பிடியில தான் ரேகை இருக்கும். புகார்ல கடைசியா எப்ப பூட்டினீங்க, எப்ப பார்த்தீங்கன்னு நேரத்தோட எழுதுங்க, பகலா ராத்திரியாங்கிறது அதுல இருந்து தான் வரும். எப்படி நுழைஞ்சிருக்காங்கன்னு எழுதுங்க. போன பொருளை எடை, அடையாளம், பில், போட்டிருந்த போட்டோவோட எழுதுங்க, ரெண்டாவது லிஸ்ட் பின்னாடி குடுத்தா சந்தேகம் வரும்.

சிஎஸ்ஆர், அதாவது புகாரை வாங்கிக்கிட்டதுக்கான ரசீது, மட்டும் குடுத்து அனுப்பினா அது எஃப்ஐஆர் இல்லன்னு தெரிஞ்சுக்கோங்க. இந்த மாதிரி குற்றத்துக்கு எஃப்ஐஆர் போட்டே ஆகணும்னு லலிதா குமாரி வழக்குல 2013லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. மறுத்தா எஸ்பிக்கு எழுத்துல அனுப்பலாம், அப்பவும் நடக்கலன்னா மாஜிஸ்திரேட். எஃப்ஐஆர் காப்பி உங்களுக்கு இலவசம்.

நகை கிடைச்சிடுச்சு, ஆனா கேஸ் முடியற வரைக்கும் தர மாட்டாங்களாமே?

அப்படி ஒரு விதி இல்ல. பிஎன்எஸ்எஸ் 497, 503ல மனு போட்டு வாங்கலாம். சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்குல 2002ல உச்ச நீதிமன்றம் சொன்னது, போட்டோ எடுத்து, விவரம் எழுதி, பத்திரம் எழுதி வாங்கிட்டு பொருளைச் சீக்கிரம் உரியவர்கிட்ட குடுத்துடணும்னு. ஆனா கேஸ் முடியறதுக்குள்ள அதை வித்துடவோ உருக்கவோ கூடாது.

உள்ள வந்தவனை அடிச்சுட்டேன். என் மேல கேஸ் வருமா?

தற்காப்பு உரிமை இருக்கு. சூரியன் மறைஞ்சதுக்கு அப்புறம் விடியறதுக்குள்ள உடைச்சு நுழையறவனுக்கு எதிரா பிஎன்எஸ் 41வது பிரிவுல அந்த உரிமை உயிரைப் பறிக்கிற அளவுக்குக் கூட போகும். ஆனா 37 ஒரு எல்லை போடுது, தற்காப்புக்குத் தேவையானதை விட அதிகமா காயப்படுத்தக் கூடாது. பிடிச்சுக் கட்டிப் போட்டதுக்கு அப்புறம் தெருவே சேர்ந்து அடிக்கிறது தற்காப்பு இல்ல, அது தனிக் குற்றம், செத்துட்டான்னா கொலைக் கேஸ். பிடிச்சா போலீஸைக் கூப்பிடுங்க.

ரெண்டு தரப்பும் சமாதானம் ஆயிட்டோம், கேஸை வாபஸ் வாங்கலாமா?

வெறும் வீட்டு அத்துமீறல் 329(4)னா சமரசம் பண்ணிக்கலாம். 331 அந்தப் பட்டியல்ல இல்ல, அதனால கீழ் கோர்ட்ல முடியாது, உயர் நீதிமன்றத்துல பிஎன்எஸ்எஸ் 528ல ரத்து மனு தான். சொந்தக்காரங்களுக்குள்ள நடந்ததுன்னா அங்க கேட்டுப் பார்க்கலாம், தொடர்ந்து திருடறவன்னா கஷ்டம்.

வக்கீல் வைக்கவே காசு இல்லைங்க.

ஜெயில்ல இருக்கிற யாரா இருந்தாலும், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத் திறனாளிகள் எல்லாருக்கும் வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு, மத்தவங்களுக்கு வருமான வரம்பு இருக்கு. கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் குழு ஆபீஸ் இருக்கும், இல்லன்னா 15100க்கு போன் பண்ணுங்க. போறப்ப எஃப்ஐஆர் காப்பி, ரிமாண்ட் ஆன தேதி, வயசுக்கு ஆதாரம், அந்த நேரத்துல அவன் வேற எங்கயாவது இருந்திருந்தா அதைக் காட்டற வருகைப் பதிவு, டிக்கெட், பில் எதுவா இருந்தாலும் எடுத்துட்டுப் போங்க. குற்றப்பத்திரிகை நகல் கைக்கு வந்த நாளையும் குறிச்சு வைங்க, விசாரணைக்கு முன்னாடியே கேஸ்ல இருந்து விடுவிக்கச் சொல்லிக் கேக்கிற விடுவிப்பு மனுவை அதுல இருந்து 60 நாளுக்குள்ள போடணும்.